பின்வளவு ஸ்டோருக்கு வைஃபை: மூன்று தடவை தோற்று நான்காவது தடவை கரை சேர்ந்த கதை

கறுவா வியாபாரம் செய்பவனுக்கு வைஃபை பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான் இருக்கிறது. இந்த விடயத்தில் மூன்று தடவை காசைக் கொட்டிவிட்டு, நான்காவது தடவையாகத்தான் வேலையை ஒழுங்காக முடித்தவன் நான். வீட்டோடு கடையும் கடையோடு ஸ்டோரும் வைத்திருக்கும் நமது வியாபாரிகள் பலர் இதே இடத்தில்தான் இன்றும் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் காசு போன விதத்தைச் சொன்னால் அவர்களுடைய காசாவது மிஞ்சும்.

எங்கள் வீடு காலி நகரத்திலிருந்து சற்று உள்ளே, ஒரு மேட்டில் இருக்கிறது. மூத்தவாப்பா காலத்து வீடு. சிங்களத்தில் கபொக் என்று சொல்கிறோமே, அந்தச் செம்பூராங்கல்லை சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர்கள். நான் அளந்து பார்த்தேன், 18 அங்குலம். வெயில் காலத்தில் உள்ளே ஏசி தேவைப்படாது. பின்வளவில் சுமார் 40 மீற்றர் தள்ளி ஸ்டோர். அதற்கும் அதே கல், மேலே தகரக் கூரை, இரும்புக் கதவு, ஜன்னல்களில் எலி வராமல் கம்பி வலை. கறுவாவைப் பாதுகாக்க இதைவிட நல்ல கட்டடம் கிடையாது. வைஃபைக்கு இதைவிடக் கெட்ட கட்டடமும் கிடையாது.

இணையக் கம்பனிக்காரர்கள் வந்தால் பெட்டியை எங்கே பொருத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வயர் வீட்டுக்குள் நுழையும் முன்ஹோலில், வாசற்கதவுக்குப் பக்கத்தில். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கிறது. ஆனால் என் வியாபாரம் நடப்பது முன்ஹோலில் அல்ல, பின்வளவில்.

2023 ஓகஸ்ட் மாதம் கொழும்பில் இருந்து ஒரு ஏற்றுமதியாளர் அல்பா தரத்தில் ஒரு தொகை கேட்டு, சரக்கின் படங்களை உடனே அனுப்பச் சொல்லி வட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தார். நான் ஸ்டோருக்குள் கட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். அங்கே வைஃபையும் இல்லை, போனின் டேட்டாவும் ஒழுங்காக இல்லை. சாப்பிட வீட்டுக்குள் வந்த பிறகுதான் செய்தி டிங் டிங் என்று விழுந்தது. இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. அவர் வேறு இடத்தில் எடுத்துவிட்டார். "மன்னிச்சிக்கோங்க நானா, எனக்கும் அவசரம்" என்றார். அவரிலும் பிழையில்லை.

அதைக்கூட மறந்துவிடலாம். மனதை வருத்தியது வேறொன்று. சிறு தோட்டக்காரர்களுக்கு நான் நிறுத்த கையோடு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவது வழக்கம். வருடக்கணக்காக எனக்குச் சரக்குத் தரும் ஒரு வயதான அம்மா, தராசுக்குப் பக்கத்தில் நின்றபடி தன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் போனில் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே வந்து முற்றத்தில் அங்குமிங்கும் நடந்து, கடைசியில் பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த தடவை பாதிச் சரக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். சுவரின் தடிப்பை அவருக்கு எப்படி விளக்குவது?

முதல் மூன்று தோல்விகள்

முதலில் கடைக்குப் போய் "ஆகப் பவர் கூடியது எது?" என்று கேட்டேன். கொம்பு கொம்பாக அண்டெனா முளைத்த ஒரு ரவுட்டரைக் கையில் தந்தார்கள். கொண்டுவந்து முன்ஹோலில் வைத்தேன். பின்வளவில் ஒரு வித்தியாசமும் இல்லை. காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். வைஃபை என்பது இருவழிப் பேச்சு. கடைக்காரர் ஒலிபெருக்கியில் கத்தலாம், ஆனால் வாடிக்கையாளர் மெல்லிய குரலில் பதில் சொன்னால் அவர் காதில் விழாது. நமது போனின் குரல் சிறியது. ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் போனின் பதில் நான்கு சுவரைத் தாண்டித் திரும்பி வரவேண்டும்.

இரண்டாவது, சுவரில் பிளக்கோடு செருகும் ரிப்பீட்டர். விலை குறைவு என்று இதை வாங்காத ஆளே நமது ஊரில் இல்லை. நான் செய்த மடத்தனம், சிக்னல் இல்லாத இடத்தில் கொண்டுபோய் அதைச் செருகியது. இல்லாத சிக்னலை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில்தான் அதை வைக்கவேண்டும். அப்படி வைத்தாலும், ஒரே வாயால் கேட்டு அதே வாயால் திருப்பிச் சொல்வதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மெல்லிய சுவருள்ள புது வீட்டில் ஒரு அறையைச் சமாளிக்க அது போதும். செம்பூராங்கல்லுக்கு அது சரிவராது.

இந்த இடத்தில் என் மகன் ஒரு நல்ல காரியம் செய்தான். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியைப் போட்டு வீடு முழுவதும் நடந்து சிக்னலை அளந்தான். அந்தக் கணக்கு டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு வரும். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. பெட்டிக்குப் பக்கத்தில் −38. ஒரு சுவர் தாண்டி நடு அறையில் −57. இரண்டாவது சுவர் தாண்டிக் குசினியில் −74. மூன்றாவது தாண்டி முற்றத்தில் −84. ஸ்டோருக்குள் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. அதாவது முன்ஹோலை விட்டு ஒரு சுவர் தாண்டியதுமே நூறு ரூபா சரக்கு ஏறக்குறைய ஒரு ரூபாவாகி விட்டது! −67 அளவில் இருந்தால் வீடியோ அழைப்புக்கூடத் தடங்கலில்லாமல் போகும். −80 தாண்டினால் நம்பி ஒரு காரியமும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் கவனித்தோம். சுவரை நேராகக் கடப்பதும் சரிந்து கடப்பதும் ஒன்றல்ல. 18 அங்குலச் சுவரை நன்றாகச் சரிந்து கடந்தால் சிக்னல் 36 அங்குலக் கல்லுக்குள்ளால் போகிறது. அதோடு, ரவுட்டரில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு அலைவரிசை இருக்கும். 5 வேகம் கூடியது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் குசினிக்கு முன்பே அது செத்துப்போனது. 2.4 வேகம் குறைவு, ஆனால் சற்றுத் தூரம் துளைத்துப் போகும். தகரம், இரும்பு ஷட்டர், கம்பி வலை, தண்ணீர்த் தாங்கி, ஏன் பெரிய நிலைக்கண்ணாடியும்கூட, இரண்டுக்குமே எதிரிகள்தான்.

இந்த அளவையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு விளங்கியது இதுதான். சுவரோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. சுவரை வயரால் கடந்துவிட்டு, மறுபக்கத்தில் புதிதாக வைஃபையைத் தொடங்க வேண்டும். மூலையில் ஒரு துளை, அதற்குள் ஒரு வயர், முடிந்தது விஷயம்.

மூன்றாவது முயற்சி அப்படித்தான் ஆரம்பித்தது, ஆனால் அவசரத்தால் கெட்டது. ஒரு பையனைப் பிடித்து வீட்டிலிருந்து ஸ்டோர் வரை கொப்பர் நெட்வேர்க் கேபிளை ஆகாயத்தில் இழுத்தேன். ஒரே நாளில் வேலை முடிந்தது. ஸ்டோருக்குள் வட்ஸ்அப் பறந்தது. கெமராவும் போட்டேன். ஒக்டோபர் கடைசியில் பின்னேர இடி மழை தொடங்கியது. நமது பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மின்னல் எங்கள் வளவில் விழவும் இல்லை, பக்கத்து வளவுத் தென்னையில்தான் விழுந்தது. ஆனால் எங்கள் வீட்டில் ரவுட்டர், ஸ்டோரில் சுவிட்ச், கெமரா ரெக்கோர்டர் மூன்றும் ஒரே நொடியில் போய்விட்டன. ஸ்டோரில் ஆள் நிற்காத நேரம், அதுவே பெரிய காரியம்.

வயரிங் பாஸ் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "முதலாளி, வீட்டுக்கு ஒரு ஏர்த், ஸ்டோருக்கு ஒரு ஏர்த். நடுவுல கொப்பரால பாலம் போட்டா மின்னல் அதுலதானே நடக்கும்" என்றார். பக்கத்தில் இடி விழும்போது இரண்டு இடத்து நிலத்துக்கும் இடையில் பெரிய மின்னழுத்த வித்தியாசம் வருகிறது. அதைச் சமப்படுத்திக்கொள்ள அது தேடும் பாதை நாம் இழுத்த அந்தக் கேபிள்தான். வெவ்வேறு கட்டடங்களுக்கிடையில், அதுவும் வெவ்வேறு மீட்டர் உள்ள கட்டடங்களுக்கிடையில் கொப்பர் இழுப்பவர்கள் இதை நன்றாக யோசிக்கவேண்டும். இழுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் இரண்டு பக்கமும் மின்னல் தடுப்பானும் ஒழுங்கான ஏர்த்தும் வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவே விரும்பவில்லை.

கண்ணாடி நார்

2024 தொடக்கத்தில் செய்ததுதான் இன்றுவரை நிற்கிறது. வேலை இரண்டு பகுதி.

முதலாவது, வீட்டுக்குள். முன்ஹோல் பெட்டியை அசைக்கவில்லை. அதிலிருந்து கேட் 6 கேபிள் ஒன்றைக் கூரை ஓரமாகப் பின்விறாந்தை வரை கொண்டுவந்தேன். இந்தக் கேபிளுக்கு 100 மீற்றர் வரை எல்லை உண்டு, வீட்டுக்குள் அதைத் தாண்டப் போவதில்லை. 230 வோல்ட் கரண்ட் வயர் போகும் அதே குழாய்க்குள் இதைத் திணிக்கக் கூடாது. கேபிள் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது கொப்பர் பூசிய அலுமினியம். கட்டு தூக்கிப் பார்த்தாலும் பாரம் குறைவாக இருக்கும். விலை குறைவுதான், ஆனால் வளைத்தால் முறியும், அதன் வழியே மின்சாரமும் அனுப்பினால் சூடாகும். வெளியே வெயிலில் போகும் பகுதிக்கு வெளிப்புறக் கேபிளே வேண்டும். சாதாரணக் கேபிளின் தோல் வெயிலில் வெடித்துவிடும்.

பின்விறாந்தையின் தாழ்வாரத்தில் முற்றத்தைப் பார்த்தபடி ஒரு வெளிப்புற அக்சஸ் பொயின்ட் பொருத்தினோம். இதற்குத் தனியாகப் பிளக் வேண்டியதில்லை, நெட்வேர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகும். அந்த முறைக்கு பிஓஈ என்று பெயர். ஆனால் 48 வோல்ட் வகையும் உண்டு, 24 வோல்ட் வகையும் உண்டு. பெட்டியோடு வந்த அடப்டரைத் தவிர வேறொன்றை மாற்றிச் செருகாதீர்கள். இந்த ஒன்றைப் போட்டதுமே முற்றம், தராசு, லொறி திரும்பும் இடம் எல்லாம் −60க்குள் வந்துவிட்டது. பலருடைய தேவை இத்தோடு முடிந்துவிடும். எனக்கு ஸ்டோர் பாக்கி இருந்தது.

அதற்கு ஃபைபர். இது கம்பனிக்காரர்களின் வேலை, நமக்கு எட்டாது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. இரண்டு முனையும் கம்பனியிலேயே பொருத்தப்பட்ட ஆயத்தக் கேபிள் 50 மீற்றர், இரண்டு பக்கமும் மீடியா கன்வேர்ட்டர் என்ற சிறு பெட்டி ஒவ்வொன்று, இவ்வளவுதான் சாமான். நான் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் விசாரித்து, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் விசாரித்து வாங்கினேன். விலையை இங்கே எழுதவில்லை. டொலரோடு சேர்ந்து அது ஆடுகிறது, மூன்று கடையிலாவது கேளுங்கள். அந்த அண்டெனாக் கொம்பு ரவுட்டருக்குக் கொடுத்த காசை விடக் குறைவாகத்தான் முடிந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஃபைபர் கண்ணாடி. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. ஸ்டோர்ப் பக்கம் இடி விழுந்தால் ஸ்டோரில் உள்ளது கெடலாம், அது கேபிள் வழியே வீட்டுக்கு நடந்து வராது. ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. சில ஃபைபர் கேபிள்களின் பக்கவாட்டில் பலத்துக்காக உருக்குக் கம்பி வைத்திருப்பார்கள். அதை வாங்கினால் பழையபடி உலோகப் பாலம்தான். உலோகம் இல்லாத, நார் இழை வைத்த வகையைக் கேட்டு வாங்கவேண்டும்.

இன்னொரு கண்ணியில் நானே விழுந்தேன். ஒற்றை இழைக் கேபிளுக்குரிய கன்வேர்ட்டர்கள் ஏ, பி என்று சோடியாக வரும். ஒன்று அனுப்பும் ஒளியின் நிறத்தை மற்றது வாங்கவேண்டும். கடைப்பையன் இரண்டும் ஏ ஆகப் போட்டுத் தந்துவிட்டான், நானும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்க விளக்கு எரியாமல் மல்லுக்கட்டி, மறுநாள் பஸ்ஸில் கொழும்புக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். வாங்கும்போதே கடையில் இரண்டையும் இணைத்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

கேபிளை ஒன்றரை அடி ஆழத்தில் பீவீசீ குழாய்க்குள் புதைத்தோம். ஆகாயத்தில் விட்டால் அணில் கடிக்கும், தேங்காய் மட்டை விழும். கண்ணாடி என்பதால் சடாரென்று மடிக்கக் கூடாது, மூலைகளில் அகன்ற வளைவு வைக்கவேண்டும். இணைப்பு முனையை விரலால் தொடவும் கூடாது, ஒரு தூசு போதும் ஒளியை மறைக்க.

"நிலத்தைத் தோண்டாமல் காற்றிலேயே அனுப்ப முடியாதா?" என்று மச்சான் கேட்டார். முடியும். இரண்டு கட்டடத்திலும் ஒன்றையொன்று பார்த்தபடி சிறிய வெளிப்புறப் பெட்டிகளை வைத்து வயர்லஸ் பாலம் போடலாம். ஸ்டோர் வீதிக்கு மறுபக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் வழி, வீதியை நாம் வெட்ட முடியாதே. ஆனால் நடுவில் வெட்டவெளி வேண்டும். எங்களுக்கு நடுவில் ஒரு பலாமரமும் ரம்புட்டானும் நிற்கின்றன. மழையில் நனைந்த இலை சிக்னலைக் குடித்துவிடும். மரத்தை வெட்டச் சொன்னால் உம்மா என்னை வெட்டுவார். அப்படியான பெட்டிகளை வாங்குவோர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. வீட்டுக் கரண்ட் வயர் வழியே இணையம் அனுப்பும் பெட்டியும் உண்டு. ஸ்டோருக்குத் தனி மீட்டர் என்றால் அதை மறந்துவிடுங்கள்.

ஸ்டோருக்குள் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. அலுமாரியில் கிடந்த பழைய ரவுட்டரையே அக்சஸ் பொயின்டாக மாற்றினோம். இது எல்லோருக்கும் பயன்படும், ஆகவே சற்றுக் கவனமாக வாசியுங்கள். பழைய ரவுட்டரின் அமைப்புக்குள் போய் டிஎச்சிபி என்பதை நிறுத்தவேண்டும். அதன் முகவரியைப் பிரதான ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றவேண்டும். வருகின்ற வயரை வான் என்று எழுதிய ஓட்டையில் செருகாமல் லான் ஓட்டையில் செருகவேண்டும். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால், ஒரே கடையில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே பில் இலக்கத்தை இருவேறு ஆட்களுக்கு வெட்டிய மாதிரிக் குழம்பிவிடும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வீட்டில் உள்ளதையே வையுங்கள், போன் நடக்க நடக்கத் தானாக மாறிக்கொள்ளும். சனல் மட்டும் வேறாக இருக்கட்டும். 2.4இல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை.

கந்தகப் புகை போடும் கறுவா ஸ்டோர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் புகை கொப்பர் முனைகளை அரித்துவிடும். பெட்டியைப் புகை போடும் அறைக்குள் வைக்காமல் பக்கத்து அறையில் வையுங்கள்.

கரண்ட், கோட்டா, கடவுச்சொல்

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருளானது. அன்று எங்கள் ஸ்டோரில் இணையம் நிற்கவில்லை. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், மீடியா கன்வேர்ட்டர் பலதும் 5 வோல்ட். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிட்டால் புகைதான் வரும். பெட்டிக்குக் கீழே எழுதியிருப்பதை வாசித்துவிட்டுச் செருகுங்கள்.

கெமரா போட்டால் மாதாந்த டேட்டா தீர்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். படம் ஸ்டோரிலிருந்து வீட்டு ரெக்கோர்டருக்குப் போவது உங்கள் சொந்த வயரில். கம்பனியின் கணக்கில் ஒரு பைட்டும் ஏறாது. வெளியூரில் இருந்து போனில் பார்க்கும்போதும், படத்தைக் கம்பனியின் கிளவுட்டில் சேமிக்கும்போதும்தான் கோட்டா குறையும். எங்கள் வீட்டில் கோட்டா மாதம் பதினைந்தாம் திகதி முடிந்ததற்குக் காரணம் கெமரா அல்ல. லொறிக்காரர்களுக்கும் வேலையாட்களுக்கும் நான் தாராளமாகக் கொடுத்த கடவுச்சொல் ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. இப்போது விருந்தினருக்கென்று தனி வைஃபை, அதற்கு வேக எல்லை. கெமராவும் கணக்குக் கொம்பியூட்டரும் வேறு. கெமராவோடு வரும் ஆரம்பக் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அது ஊருக்கே தெரிந்த சொல்.

அந்த அம்மா சென்ற அறுவடைக்கும் வந்திருந்தார். நிறுத்து முடிய, அவர் பையைக் கட்டுவதற்குள் அவருடைய போனில் வங்கியின் குறுஞ்செய்தி வந்துவிட்டது. இன்னும் பாதிச் சரக்கைத்தான் எனக்குத் தருகிறார். மீதியை வாங்குகிறவர் நல்ல விலை கொடுக்கிறாராம், அதற்கு ஃபைபர் மருந்தல்ல.

நிலத்துக்கடியில் உள்ள குழாயில் கேபிளோடு சேர்த்து ஒரு நைலோன் கயிற்றையும் இழுத்து இரண்டு முனையிலும் கட்டி விட்டிருக்கிறோம். மகன் ஸ்டோருக்கு மேல் ஒரு பொதிசெய்யும் அறை கட்டும் யோசனையில் இருக்கிறான். அப்போது இன்னொரு கேபிள் தேவைப்பட்டால் முற்றத்தை மறுபடி தோண்ட வேண்டியதில்லை.